டைல் விரித்து வர்க்கமூலம் கண்டுபிடிப்பது

ஓர் அறை 4.2 மீட்டர் நீளம், 3.1 மீட்டர் அகலம். டைல் விரிப்பதற்கு முன் அது ஸ்கொயராக, அதாவது மூலைகள் சரியான செங்கோணமாக, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செங்கோணம் பார்க்கும் எல் வடிவக் கருவியான மூலைமட்டம் தன் கை எட்டும் தூரத்துக்குத்தான் உண்மை சொல்லும். அதற்கு அப்பால் சுவர் கோணியிருந்தால் அதற்குத் தெரியாது. அதனால் மூலைக்கு மூலை டேப் பிடிக்கிறோம். இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க முடிந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பல நேரம் அது முடியாது. ஒரு மூலையில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கும், இன்னொரு பக்கம் ஏர்கான் வேலைக்காரர் ஏணி போட்டு நிற்பார். ஒரே ஒரு மூலைவிட்டம்தான் கைக்குக் கிடைக்கும். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ்தான். 4.2 × 4.2 = 17.64. 3.1 × 3.1 = 9.61. இரண்டையும் கூட்டினால் 27.25. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 27.25 வருமோ, அதுதான் மூலைவிட்டம். அதாவது 27.25-இன் வர்க்கமூலம்.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். சிங்கப்பூரில் டைல் வேலைக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போய்த் திரும்பிய பிறகு, நாங்கள் தங்கியிருக்கும் டார்மிட்டரியின் சாப்பாட்டு மேசையில் தம்பிகள் சிலர் கட்டம் போட்ட நோட்டோடு வந்து உட்காருவார்கள். பாதிப் பேர் ஊரில் நீள் வகுத்தல் முறையில் வர்க்கமூலம் படித்தவர்கள்தான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டது. மறந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும்: இரண்டிரண்டு இலக்கமாகப் பிரி, இரட்டிப்பாக்கு, பக்கத்தில் ஓர் இலக்கம் போடு என்று சொன்னவர்கள், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாத படி மனதில் நிற்காது. டைல் விரிக்கிறவனுக்கு அந்தக் காரணம் கண்ணெதிரே தரையில் கிடக்கிறது. அதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

கைபேசியில் தட்டினால் ஒரு நொடியில் விடை வரும்தான். சில வேலையிடங்களில் கேமரா உள்ள கைபேசியை உள்ளே விடமாட்டார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது வேறு. உதாரணமாக, 216.77-இன் வர்க்கமூலம் வேண்டும்போது 2167.7 என்று தட்டிவிட்டால் திரையில் 46.56 வரும். சரியான விடை 14.72. கையால் போட்டுப் பழகியவனுக்கு 46 என்று பார்த்ததும் பிடிபட்டுவிடும். பழகாதவன் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு டேப்பை இழுக்கப் போய்விடுவான்.

முதலில் மனப்பாடம், கொஞ்சம்தான்

1 முதல் 20 வரை உள்ள எண்களின் வர்க்கம் வாயில் வர வேண்டும். 11-க்கு 121, 12-க்கு 144, 13-க்கு 169, 14-க்கு 196, 15-க்கு 225, 16-க்கு 256, 17-க்கு 289, 18-க்கு 324, 19-க்கு 361, 20-க்கு 400. பத்துக்குள் இருப்பவை வாய்ப்பாட்டிலேயே வந்துவிடும். வேலைக்குப் போகும் லாரியில் உட்கார்ந்தே மனப்பாடம் செய்துவிடலாம்.

5-இல் முடியும் எண்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. 35-இன் வர்க்கம் வேண்டுமா? 3-ஐ அடுத்த எண்ணான 4-ஆல் பெருக்குங்கள், 12. பின்னால் 25 சேருங்கள், 1225. 75 என்றால் 7 × 8 = 56, ஆக 5625. தசமத்திலும் இது வேலை செய்யும்: 9.5-இன் வர்க்கம் 9 × 10 = 90, அதோடு 0.25, ஆக 90.25. இங்கே சிங்கப்பூரில் அரசாங்க அடுக்குமாடியான வீவக-வின் நான்கறை வீடு சுமார் 90 சதுர மீட்டர். அந்தப் பரப்பை அப்படியே ஒரு சதுரமாக நினைத்துப் பார்த்தால் பக்கம் 9.5 மீட்டருக்கு ஒரு துளி குறைவு. எழுதிப் பார்க்கவே தேவையில்லை.

முழு வர்க்க எண்ணாக இருந்தால்

சில எண்களுக்கு வர்க்கமூலம் மிச்சமில்லாமல் முழு எண்ணாக வரும். அவற்றைக் கடைசி இலக்கத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். 2, 3, 7, 8 ஆகிய இலக்கங்களில் முடியும் எந்த முழு எண்ணும் முழு வர்க்கம் ஆகாது. 5329-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 9-இல் முடிகிறது, எனவே அதன் வர்க்கமூலம் 3-இலோ 7-இலோ முடிய வேண்டும். 70-இன் வர்க்கம் 4900, 80-இன் வர்க்கம் 6400. ஆக, விடை எழுபதுகளில்: 73 அல்லது 77. 75-இன் வர்க்கம் 5625. நம் எண் அதைவிடச் சிறியது. எனவே 73. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். இந்த வழி முழு வர்க்கத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால், கடைசியில் ஒரு முறை பெருக்கிப் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.

இங்கே உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பகாக் காரணிகளாகப் பிரிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1764 = 2 × 2 × 3 × 3 × 7 × 7. ஜோடிக்கு ஒன்று எடுத்தால் 2 × 3 × 7 = 42. அழகான வழி, ஆனால் ஜோடி சேராத எண்ணுக்கு விடையைத் தசமத்தில் தராது. அறையின் அளவு நமக்காக ஜோடி சேர்ந்து வருவதில்லை. அதனால் அடுத்த இரண்டு வழிகள்தான் முக்கியம்.

ஊகித்துச் சராசரி எடுப்பது

27.25-க்குத் திரும்புவோம். 5-இன் வர்க்கம் 25, 6-இன் வர்க்கம் 36. விடை 5-க்கும் 6-க்கும் இடையில், 5-க்கு அருகில். முதல் ஊகத்தை இப்படிச் சீர் செய்யலாம்: மிச்சம் 2.25. அதை 5-இன் இரு மடங்கான 10-ஆல் வகுத்தால் 0.225. எனவே 5.225 என்று வைத்துக்கொள்வோம். ஏன் இரு மடங்கு என்று இப்போது கேட்காதீர்கள், அதற்குத்தான் அடுத்த பகுதி.

இப்போது 27.25-ஐ 5.225-ஆல் வகுக்க வேண்டும். 5.2153 வருகிறது. யோசித்துப் பாருங்கள்: 5.225-ம் 5.2153-ம் பெருக்கினால் 27.25. ஒன்று உண்மையான விடையைவிடப் பெரியது என்றால் மற்றது கண்டிப்பாகச் சிறியதாகத்தான் இருக்க முடியும். விடை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சராசரி எடுத்தால் 5.22015. மீட்டரில் 5.220, அதாவது 5220 மில்லிமீட்டர். டேப்பில் அதற்கு மேல் துல்லியம் படிக்க முடியாது. ஒரே ஒரு சுற்றில் வேலை முடிந்தது.

இது மிகப் பழைய வழி. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் 720-இன் வர்க்கமூலத்தை இப்படித்தான் போட்டுக் காட்டினார்: 27 என்று ஊகம், 720-ஐ 27-ஆல் வகுத்தால் 26-ம் மூன்றில் இரண்டும், சராசரி 26-ம் ஆறில் ஐந்தும். பெருக்கிப் பார்த்தால் 720.03-க்குப் பக்கத்தில் வருகிறது.

2-இன் வர்க்கமூலத்தையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். 1.5 என்று தொடங்குங்கள். 2-ஐ 1.5-ஆல் வகுத்தால் 1.3333, சராசரி 1.4167. மறுபடி 2-ஐ 1.4167-ஆல் வகுத்தால் 1.4117, சராசரி 1.4142. சைட் ஆபீஸில் நகலெடுக்கும் இயந்திரத்தில் ஏ4-ஐ ஏ3 ஆக்க 141 சதவீதம் என்று இருப்பது இந்த எண்தான். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அதை 1.4142-ஆல் பெருக்கினால் 296.98. தாளின் நீளம் 297. நீளத்தை இந்த விகிதத்தில் வைத்ததால்தான் ஏ3 தாளைச் சரிபாதியாக மடித்தால் அதே வடிவத்தில் ஏ4 கிடைக்கிறது. ஒரு தாளை எடுத்து அளந்து பாருங்கள்.

இரட்டிப்பு எங்கிருந்து வருகிறது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நிதானமாகப் படியுங்கள். முடிந்தால் கட்டம் போட்ட தாளில் கூடவே வரைந்து பாருங்கள்.

உங்களிடம் 676 டைல் இருக்கிறது. எல்லாவற்றையும் வைத்து ஒரு பெரிய சதுரம் விரிக்க வேண்டும். பக்கத்துக்கு எத்தனை டைல்? 20-க்கு 20 விரித்தால் 400. 30-க்கு 30 என்றால் 900, அவ்வளவு இல்லை. ஆக, முதலில் 20-க்கு 20 விரித்துவிடுகிறோம். கையில் மீதி 276.

இப்போது சதுரத்தைப் பெரிதாக்க வேண்டும். வலது பக்கம் மட்டும் வரிசை சேர்த்தால் அது செவ்வகமாகிவிடும். எனவே வலது பக்கமும் சேர்க்க வேண்டும், மேல் பக்கமும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரு வரிசைக்கு 20 டைல். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 40. அந்த இரட்டிப்பு இங்கிருந்துதான் வருகிறது. வேறு ரகசியம் எதுவும் இல்லை. சதுரம் இரண்டு பக்கமும் வளர வேண்டும், அவ்வளவுதான்.

276-இல் எத்தனை 40? ஆறு. வலது பக்கம் ஆறு வரிசை, மேல் பக்கம் ஆறு வரிசை, மொத்தம் 240 டைல். இப்போது பாருங்கள், வலது மேல் மூலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. 6-க்கு 6, அதாவது 36 டைல் வேண்டும். கையில் மீதி 276 − 240 = 36. கச்சிதமாக நிரம்பியது. பக்கம் 26. 676-இன் வர்க்கமூலம் 26.

இரண்டு பட்டையையும் அந்த மூலைத் துண்டையும் ஒரே கணக்காகப் போடலாம்: 40 × 6 + 6 × 6 என்பது 46 × 6. இரட்டிப்புக்குப் பக்கத்தில் அதே இலக்கத்தை எழுதி அதே இலக்கத்தால் பெருக்கு என்று பள்ளியில் சொன்னது இதுதான். 4-க்குப் பக்கத்தில் 6 போட்டு 46, அதை 6-ஆல் பெருக்கினால் 276. ஏழு வரிசை போட முடியுமா? 47 × 7 = 329, அவ்வளவு டைல் இல்லை.

சரி, 700 டைல் இருந்தால்? 26-க்கு 26 விரித்தபின் 24 மிஞ்சும். அடுத்த முழு வரிசைக்கு இரண்டு பக்கமும் 26, மூலைக்கு ஒன்று, மொத்தம் 53 வேண்டும். போதாது. எனவே டைலை வெட்ட வேண்டும். ஒவ்வொரு டைலையும் நீளவாக்கில் பத்து, குறுக்குவாக்கில் பத்து என்று வெட்டினால் ஒரு டைலுக்கு 100 சின்னத் துண்டு. மீதி 24 டைல் 2400 துண்டாகிறது. தசமத்துக்கு நகரும்போது இரண்டு சைபர் ஏன் இறக்குகிறோம், இலக்கங்களை ஏன் இரண்டிரண்டாகப் பிரிக்கிறோம் என்பதற்குப் பதில் இதுதான்: நீளத்தில் பத்து மடங்கு என்றால் பரப்பில் நூறு மடங்கு.

பக்கத்தின் நீளமும் இப்போது 260 துண்டு. இரு மடங்கு 520. 2400-இல் எத்தனை 520? நான்கு. 524 × 4 = 2096. மீதி 304. ஆக விடை 26.4-க்கு மேல். மறுபடி வெட்டினால் 30400; 264-இன் இரு மடங்கு 528, பக்கத்தில் 5 போட்டு 5285 × 5 = 26425. விடை 26.45. விரும்பும் வரை இப்படியே போகலாம். ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே, இதுவரை கண்ட மூலத்தின் இரு மடங்கால் வகுத்து அடுத்த இலக்கத்தை எடுக்கும் இந்த முறையை ஒரே சுலோகத்தில் சொல்லிவிட்டார். நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

முழுக் கணக்கு ஒன்று: பேட்மிண்டன் கோர்ட்

டார்மிட்டரியின் பின்பக்கத்துச் சிமெண்ட் தரையில் தம்பிகள் பேட்மிண்டன் கோடு போடக் கேட்டார்கள். வெளிக்கோடு 13.40 மீட்டருக்கு 6.10 மீட்டர். வர்க்கங்கள் 179.56, 37.21. கூட்டினால் 216.77.

இதை நீள் வகுத்தல் முறையில் போடுவோம். முதலில் பிரிப்பது. தசமப் புள்ளியிலிருந்து தொடங்கி இடது பக்கம் இரண்டிரண்டு, வலது பக்கம் இரண்டிரண்டு. 2, 16, புள்ளி, 77, 00, 00. இடது ஓரத்தில் ஒற்றை இலக்கம் நின்றால் நிற்கட்டும். வலது ஓரத்தில் ஒற்றையாக நின்றால் ஒரு சைபர் சேர்த்து ஜோடியாக்குங்கள்.

முதல் பகுதி 2. அதற்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 1. விடையின் முதல் இலக்கம் 1. மீதி 1.

அடுத்த ஜோடி 16-ஐ இறக்கினால் 116. விடை 1-இன் இரட்டிப்பு 2. பக்கத்தில் எந்த இலக்கம்? 24 × 4 = 96 அடங்கும். 25 × 5 = 125 அடங்காது. எனவே 4. மீதி 20. விடை இதுவரை 14.

புள்ளியைத் தாண்டுகிறோம், விடையிலும் புள்ளி வைத்துவிடுங்கள். 77-ஐ இறக்கினால் 2077. 14-இன் இரட்டிப்பு 28. 287 × 7 = 2009 அடங்கும். 288 × 8 = 2304 அடங்காது. எனவே 7. மீதி 68. விடை 14.7.

00 இறக்கினால் 6800. 147-இன் இரட்டிப்பு 294. 2942 × 2 = 5884. மீதி 916. விடை 14.72.

மறுபடி 00, 91600. 1472-இன் இரட்டிப்பு 2944. 29443 × 3 = 88329. மீதி 3271. விடை 14.723.

பேட்மிண்டன் விதிமுறைப் படத்தில் முழு கோர்ட்டின் மூலைவிட்டம் 14.723 மீட்டர் என்றே அச்சடித்திருக்கிறார்கள். நோட்டில் போட்டதும் அச்சில் இருப்பதும் ஒன்றாக இருப்பதைத் தம்பிகளிடம் காட்டியபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் யாரும் கைபேசியை எடுக்கவில்லை. நூல் பிடித்து, இரண்டு பேர் டேப்பின் இரண்டு முனையையும் பிடித்து, 14.723-க்கு வரும்வரை மூலையை நகர்த்தி ஆணி அடித்தோம்.

தடுக்கும் இடங்கள்

சைபர்தான் அதிகம் பேரைத் தடுக்கிறது. 11025-ஐப் போடுங்கள்: 1, 10, 25. முதல் இலக்கம் 1, மீதி 0. 10-ஐ இறக்குகிறோம். இரட்டிப்பு 2; 21 × 1 = 21 கூட 10-இல் அடங்கவில்லை. அப்படியானால் அந்த இடத்து இலக்கம் 0. அதை விடையில் எழுதியே ஆக வேண்டும். பிறகு 25-ஐ இறக்கினால் 1025. 10-இன் இரட்டிப்பு 20. 205 × 5 = 1025. விடை 105. சைபரை விட்டுவிட்டால் 15 வரும். 15-இன் வர்க்கம் வெறும் 225 என்பது மனப்பாடம் செய்தவனுக்கு உடனே உறைக்கும்.

அடுத்தது, 1-ஐவிடச் சிறிய எண்கள். 0.9-இன் வர்க்கமூலம் 0.3 என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். 0.3 × 0.3 = 0.09. 0.9-ஐ 0.90 என்று ஜோடியாக்கிப் போட்டால் 9-இன் வர்க்கம் 81, மீதி 9, பிறகு 900; 184 × 4 = 736. விடை 0.94. 1-க்குக் கீழே இருக்கும் எண்ணின் வர்க்கமூலம் அந்த எண்ணைவிடப் பெரியதாகத்தான் வரும்.

இன்னொன்று அலகு. வரைபடத்தில் எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கும். 4200-ஐயும் 3100-ஐயும் அப்படியே வர்க்கமாக்கினால் எட்டு இலக்கம் வந்து கை தளர்ந்துவிடும். மீட்டராக மாற்றிப் போட்டு, மூன்று தசம இடம் வரை கண்டுபிடித்தால் அது மில்லிமீட்டர் துல்லியம். நான்காவது இலக்கத்தையும் ஒரு முறை பார்த்து, 5 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாவதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்த வழியை எப்போது பயன்படுத்துவது என்று கேட்பார்கள். வகுத்தல் கைவந்தவர்களுக்குச் சராசரி வழி வேகமானது, இடையில் ஒரு இலக்கம் தவறினாலும் அடுத்த சுற்றில் தானே சரியாகிவிடும். நீள் வகுத்தலில் தவறு தானாகச் சரியாகாது, ஆனால் எழுதும் ஒவ்வொரு இலக்கமும் உறுதியான இலக்கம். நான் நீள் வகுத்தலில் போட்டு, சராசரி வழியில் சரிபார்ப்பேன்.

பழக மூன்று அறை தருகிறேன். 3.6-க்கு 2.7: இதற்கு வர்க்கமூலம் போடாமலே விடை தெரியும், பக்கங்கள் 3, 4 என்றால் மூலைவிட்டம் 5 என்று கயிறு பிடித்தவர்களுக்கு, 4.5 மீட்டர். 2.4-க்கு 2.4: 11.52-இன் வர்க்கமூலம், 3.394. 5.0-க்கு 3.2: 35.24-இன் வர்க்கமூலம், 5.936. கடைசிக் கணக்கில் 1.877 வந்தால் 35.24-ஐ 3, 52, 4 என்று பிரித்திருக்கிறீர்கள். புள்ளியிலிருந்து மறுபடி பிரித்துப் போடுங்கள்.